உள்ளிடத்தின் உருவும் உள்ளமும்

சைவ வித்தியாசாலை உபாத்தியாயர்களே,

ஆலயத்துட் புகுவோர் கர்ப்பக்கிருகத்தை அணுகுந்தோறும் தம்மையறியாமலே குரலைத் தாழ்த்துகின்றனர். பேசற்க என்று அங்கே எவரும் விலக்குவதில்லை. இஃது எதனால் நிகழ்கின்றது? உயர்ந்த கோபுரத்தைக் கடந்து, அகன்ற பிரகாரத்தை வலம்வந்து, தூண்கள் நிரைத்த மண்டபத்துள் நுழைகின்றோம். அதன்பின் அர்த்தமண்டபம் ஒடுங்கியது. கர்ப்பக்கிருகமோ சாளரமில்லாத சிற்றறை. இடம் ஒடுங்க ஒளியுங் குறைகின்றது. பலவற்றிற் சென்ற கண் ஈற்றிலே தீபவொளியிற் றோன்றும் திருவுருவையன்றிக் காண்டற்கு வேறொன்றுமின்றி நிற்கின்றது. சிதம்பரத்திலோ திரை நீங்கிய இடத்தில் உருவமே இல்லை. பொன் வில்வமாலை தொங்கும் வெளியே காட்டப்படுகின்றது. உருவங்களாலே நடத்திச்சென்று அருவத்திலே நிறுத்திய அச்சிற்பியர், மனத்தின் இயல்பை நம்மினும் நன்கறிந்தவர்.

நாம் இளமையிற் கற்ற பாதிரிமார் பாடசாலைத் தேவாலயத்தின் உயர்ந்த கூரையும் கூர்நுனி வளைவுகளும் நமது கண்ணை மேலே ஈர்த்தன. சமயம் வேறென்பதனால் உண்மையை மறைத்தல் தகாது. அங்கும் நாம் வாயடங்கியே நின்றோம்.

இக்காலத்தார் இதனைச் சோதித்தும் பார்த்துள்ளனர். 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்விலே, 10 அடி உயரக் கூரையின்கீழ் இருந்தோர் சிந்தனை பொருள்களைத் தொடர்புபடுத்துவதிலும், 8 அடிக் கூரையின்கீழ் இருந்தோர் சிந்தனை தனித்தனி நுணுக்கங்களிலும் சென்றதாகக் கண்டனர். 2013 இல் வெளிவந்த மற்றொன்றில், அறைகளின் படங்களைக் கண்டோர் கோணமுள்ளவற்றினும் வளைவுள்ளவற்றையே அழகியவென்று மிகுதியாகக் கூறினர். ஆயின், உட்புக விரும்புவீரோ என்று வினவியபோது அவ்வேற்றுமை விடையை மாற்றவில்லை. ஆதலின் அறையை அழகு செய்தவளவில் மாணாக்கன் ஓடிவந்து கற்பான் என்று எண்ணற்க.

இனி நமது பிழையொன்றைச் சொல்லுதும். சமயபாட வகுப்பில் வாங்குகளை நேர்நிரையாக இட்டு, மேடைமேல் நின்று பல்லாண்டு கற்பித்தோம். கடைவாங்கிலிருந்த மாணாக்கன் ஒருவன் ஓராண்டு முழுதும் வாய்திறந்திலன். மந்தபுத்தியுடையவன் என்று குறிப்பேட்டில் எழுதினோம். எழுதும்போது நமது கை நடுங்கவுமில்லை. மாரிகாலத்து ஒருநாள் கூரை ஒழுகியது. வாங்குகளை ஒருபுறம் ஒதுக்கி, நனையாத இடத்திற் பாய் விரித்து, நாமும் அவர்களோடு வட்டமாயிருந்து தேவாரம் ஓதுவித்தோம். வட்டத்திலே கடையிடம் ஏது? அவன் முறையும் வந்தது. பதிகம் முழுவதையும் பண்ணோடு பிழையின்றி ஓதினான். வீட்டிலே பாட்டியாரிடம் கேட்டுப் பாடமாக்கினானாம்.

அச்சொல்லை அன்று மாலையே அடித்தோம். மையின் கறை இன்னும் அவ்வேட்டில் இருக்கின்றது. எழுத்து வேலைக்கு நேர்நிரையே ஏற்றதாதலின் அதனை மாற்றவில்லை. பண்ணோடு ஓதும் நாளில் மாத்திரம் வாங்குகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரிப்பிக்கின்றோம். தள்ளுதற்கு ஐந்து நிமிஷமும் ஆவதில்லை.