கரையில் அடுப்பு மூட்டியவர்

பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறு: பழவேற்காட்டு மீனவ மக்களுக்கு மறையுரை



இன்றைய நற்செய்திக்கு உங்களிடம் பெரிய விளக்கம் சொல்லத் தேவையில்லை. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் படாமல் திரும்புவது எப்படியிருக்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். சீமோன் பேதுரு மீன்பிடிக்கப் புறப்படுகிறார், கூடவே ஆறு பேர் ஏறிக்கொள்கிறார்கள். விடிகிற நேரத்தில் கரையில் நின்ற ஒருவர் வலது பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள்; அப்படியும் வலை கிழியவில்லை. எல்லாப் பங்கிலும் மறையுரை இந்த 153-ஐச் சுற்றியே போகும். நான் அதைத் தாண்டிக் கொஞ்சம் கரைக்கு ஏறுகிறேன்.

கரையில் என்ன இருந்தது? கரிநெருப்பு மூட்டியிருந்தது. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். சாவை வென்று எழுந்தவர், களைத்து வந்தவர்களுக்காக அடுப்பு மூட்டியிருக்கிறார். சாப்பிட வரச் சொல்கிறார். தம் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறார். லைட் ஹவுஸ் குப்பத்திலும் கூனங்குப்பத்திலும் நடுவூர் மாதாக்குப்பத்திலும் இந்த வேலையை யார் செய்கிறார்கள்? வீட்டுப் பெண்கள். அவர்கள் தினமும் செய்கிற வேலையைத்தான் உயிர்த்த ஆண்டவர் அன்று கரையில் செய்தார். அதனால் இன்று சாப்பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஃபாதர் சமையல் குறிப்பு சொல்ல வந்துவிட்டார் என்று பின்னால் தூணில் சாய்ந்திருக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். கடைசியில் உங்களிடம்தான் வருவேன்.

எண்ணிக்கை நூல் பதினோராம் அதிகாரத்தில் இஸ்ரயேல் மக்கள் பாலைவனத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். எகிப்தில் சாப்பிட்ட மீனை நினைக்கிறார்கள். அடுத்த மூச்சில் வெள்ளரியை நினைக்கிறார்கள். பிறகு வெங்காயம், பூண்டு. பொன்னேரி சந்தைக்குப் போய்வந்த பை போலிருக்கிறது அந்தப் பட்டியல். அழுததற்காகக் கடவுள் அவர்களைக் கண்டித்தார், சரி. ஆனால் வெயிலில் வாடுகிற உடம்பு எதைத் தேடும் என்பது திருவிவிலியத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறதே! தயிருக்கும் அங்கே இடம் உண்டு. உச்சி வெயிலில் வந்து நின்ற மூன்று பேருக்கு ஆபிரகாம் கன்றின் இறைச்சியோடு தயிரும் பாலும் வைத்தார் என்று தொடக்க நூல் பதினெட்டாம் அதிகாரம் சொல்கிறது. வந்தவர்கள் சாப்பிடும்வரை அவர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பரிமாறுகிறவர் உட்காரவில்லை.

தயிரும் வெள்ளரியும் சேர்ந்தால் நமக்கு அது பச்சடி. கிரேக்க நாட்டில் அதற்கு சாட்சீக்கி என்று பெயர், துருக்கியில் ஜாஜிக். பவுல் கடிதம் எழுதிய கொரிந்தும் பிலிப்பியும் தெசலோனிக்காவும் இருக்கிற நாட்டில் இன்றைக்கும் சுட்ட இறைச்சிக்கும் பொரித்த மீனுக்கும் பக்கத்தில் அந்தக் கிண்ணத்தை வைக்கிறார்கள். காட்டுப்பள்ளி, எண்ணூர் பக்கம் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் கிரீக் யோகர்ட் என்று சின்ன டப்பாவில் வாங்கி வருகிறார்களே, அதில் செய்வதுதான் இது. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் வந்துபோன துறை நம்முடையது. பச்சடியில் கிள்ளிப் போடுகிற மிளகாயே போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்ததுதான். ஆகவே கிரேக்கப் பதார்த்தம் என்றதும் நாம் மிரள வேண்டியதில்லை. வெள்ளரியின் பூர்வீகமோ இந்தியா.

அந்த டப்பாத் தயிரை வீட்டிலேயே செய்யலாம். புளிக்காத கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, சில மணி நேரம் தொங்கவிடுங்கள். இந்த வெயிலுக்கு வெளியே விட்டால் புளித்துப்போகும். ஐஸ்பெட்டி இருக்கிற வீட்டில் அதற்குள் வடிகட்டி வைத்து வடியவிடலாம். துணியில் தங்குவதுதான் கிரீக் தயிர். சாதாரணத் தயிரில் நூறு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் புரதம் இருக்கும். வடித்ததில் எட்டிலிருந்து பத்துவரை வரும். ஆனால் சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி வடிந்த நீரோடு போய்விடுகிறது. அதைக் கொட்டாதீர்கள். கூழ் கரைக்கவோ சப்பாத்தி மாவு பிசையவோ வைத்துக்கொள்ளுங்கள். வடிக்க நேரமில்லையென்றால் சாதாரணத் தயிரே போதும், குறைச்சல் ஒன்றுமில்லை.

பிஞ்சு வெள்ளரியை நல்ல தண்ணீரில் கழுவித் தோலோடு துருவுங்கள். காம்புப் பக்கம் கசந்தால் அதை வெட்டி எறியுங்கள். காய் முழுக்கக் கசந்தால் அது வேண்டாம். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும். உள்ளங்கையில் அள்ளிப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரைக் குடித்துவிடலாம், வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தானே. பிறகு தயிர், நசுக்கிய பூண்டு அரைப் பல், புதினா. கிரேக்கர்கள் ஆலிவ் எண்ணெய் விடுவார்கள். நாம் கடுகு தாளித்துக் கொட்டுவோம். சாப்பிடப் போகிறபோது கலந்தால் நீர்த்துப்போகாது. மதியம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். ராத்திரி சப்பாத்திக்கு வைக்கலாம். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி அடித்தால் மோர். பழைய சோற்றுக்கு ஊறுகாயும் கருவாடும் மட்டுமே என்று பழகிய வீட்டில் இரத்தக் கொதிப்புள்ள பெரியவர் இருந்தால், ஊறுகாய்க்குப் பதிலாக இது போகட்டும். ஒரு நாளைக்கு மொத்தமாக ஐந்து கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாட்டுத் துண்டிலும் ஊறுகாயிலுமே அதில் பெரும்பங்கு போய்விடும். பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துப்போகும். பாலில் உள்ள சர்க்கரையில் ஒரு பங்கை உறையில் இருக்கிற நுண்ணுயிர்கள் முன்கூட்டியே செரித்துவைத்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்நேரம் பாதிப் பேருக்கு மனதில் ஒன்று ஓடியிருக்கும். மீன் குழம்பு வைத்த வீட்டில் தயிரா? உடம்பில் வெள்ளை விழுமே?

இதை வெளிப்படையாகப் பேசிவிடுவோம். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடும்போது வெண்புள்ளி வருகிறது. சாப்பாட்டால் வருவதில்லை, தொட்டால் ஒட்டுவதில்லை. பாலையும் மீனையும் பகை உணவு என்று ஆயுர்வேதம் பிரித்து வைத்திருக்கிறது. அந்த மரபின்படி நடக்கிறவர்களையும் ஒத்துக்கொள்ளாதவர்களையும் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் வங்காளத்தில் மீனைத் தயிரிலேயே வேகவைக்கிறார்கள், தொய் மாச் என்று பேர். அவ்வளவு தூரம் போவானேன்! ஆடி மாதம் நம் பக்கத்துத் தெருக்களில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறார்களே, அதில் மோர் இல்லையா? பக்கத்தில் கருவாடு இல்லையா? கருவாடு மட்டும் மீன் இல்லையா?

மீன் சாப்பிட்டுத் தடித்து அரித்தது உண்மையாகவே இருக்கலாம். இறால், நண்டு சிலர் உடம்புக்கு ஆகாது. இன்னொன்று உங்களுக்கே தெரியும்: சூரையையும் கானாங்கெளுத்தியையும் ஐஸ் போடாமல் வெயிலில் கிடத்தினால் அதில் ஒரு நஞ்சு ஊறும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. அதைத் தின்றால் முகம் சிவந்து உடம்பு தடிக்கும். பழி மட்டும் தயிர்மேல் விழும்.

பழி தயிரோடு நின்றால் நான் இதைப் பீடத்தருகில் நின்று பேச மாட்டேன். பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணின் கையில் ஒரு வெண்புள்ளி. வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் எழுந்து போகிறார்கள். அம்மா வாயைக் கட்டாமல் மீனும் தயிரும் தின்றிருப்பாள், அதுதான் என்று வாசலில் நின்று ஒரு பேச்சு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைப் பார்த்துச் சீடர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: பாவம் செய்தது இவரா, பெற்றோரா? இருவருமில்லை என்றார் ஆண்டவர். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். அன்பியக் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் விட்டுத் தள்ளி உட்காருகிறவர்கள் இரண்டு தரம் வாசியுங்கள்.

தூணில் சாய்ந்திருக்கிறவர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். நம் ஏரியில் பாடு என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. சுத்துவலை போடுகிற இடங்களைப் பிரித்து, இன்றைக்கு இந்தத் தலைக்கட்டு, நாளைக்கு அடுத்த தலைக்கட்டு என்று முறை வைத்து இறங்குகிறோம். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடக்கூடாது என்றுதானே பெரியவர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள்! ஏரியில் இருக்கிற நியாயம் சமையலறையில் எங்கே போயிற்று? அங்கே முறை மாறுவதே இல்லை. நடுத்துண்டு எப்போதும் ஒருவருக்கு, சட்டியின் அடி எப்போதும் இன்னொருவருக்கு. சமைத்தவள் சாப்பிட உட்காரும்போது தயிர்ச் சட்டியைக் கழுவிய தண்ணீர்தான் மிஞ்சும். பசிக்கவில்லை என்று சொல்லிவிடுவாள், நாமும் நம்பிவிடுவோம்.

கொரிந்துக் கிறிஸ்தவர்கள்மேல் பவுல் கோபப்பட்டது இதற்காகத்தான். ஆண்டவருடைய விருந்துக்கு வந்த இடத்தில் ஒருவர் வயிறுமுட்ட உண்ண, இன்னொருவர் பசியோடு நின்றார். இப்படிக் கூடுவது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று எழுதிவிட்டார்.

நம் பெண்களின் நிலைமை என்ன? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பாதிக்கு மேல்! தயிர் இதற்கு மருந்தல்ல, அதில் இரும்புச் சத்து கொஞ்சம்தான். முருங்கைக்கீரையும் மீனும் அவள் தட்டுக்கும் வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்பு மாத்திரையைத் தயிர்சோற்றோடு விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச் சத்து இரும்பைச் சேரவிடாது. எலும்புக்குத் தயிர் உதவும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் தேவைப்படுகிற சுண்ணாம்புச் சத்தில் ஏறக்குறைய கால்பங்கு ஒரு பெரிய கிண்ணத் தயிரிலேயே கிடைக்கும். முள்ளோடு தின்கிற நெத்திலியும் அதைக் கொடுக்கும்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். இடுப்பளவு உப்புத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களும், ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ரோட்டோரம் உட்காருகிற பெண்களும், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்க் கடுப்பு வருகிறது, தலை சுற்றுகிறது. ஒரு டப்பா மோரும் இரண்டு வெள்ளரிப் பிஞ்சும் கையில் கொடுத்தனுப்பலாம், அனுப்ப வேண்டும். அதோடு கடமை தீர்ந்ததென்று இருந்துவிடாதீர்கள். மீன் விற்கிற இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டுமென்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள். ஆண்கள் எழுந்து கேட்க வேண்டும். அந்தப் பேச்சை அவளே கூச்சத்தோடு எழுப்பட்டும் என்று விடாதீர்கள்.

ஆண்டவர் கரையில் அடுப்பு மூட்டியதால் அவருடைய மகிமை குறைந்துவிடவில்லை. பேதுருவிடம் தம் ஆடுகளை ஒப்படைத்ததும் அந்தச் சாப்பாடு முடிந்த பிறகுதான். முதலில் அவர்கள் வயிறு நிறைந்ததா என்று பார்த்தார்.

ஆகவே குடும்பத் தலைவர்களே, கத்திரி வெயில் முடிகிறவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியப் பச்சடியை நீங்கள் செய்யுங்கள். வெள்ளரி துருவ வலை பின்னுகிற அளவுக்குத் திறமை வேண்டாம். முதல் கிண்ணத்தை உங்கள் மனைவிக்கும், வீட்டில் வயதான அம்மா இருந்தால் அவருக்கும் வையுங்கள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஆபிரகாமைப் போல நில்லுங்கள். திருப்பலி முடிந்ததும் கொட்டகையில் நீர்மோர் இருக்கிறது. ஊற்றிக் கொடுக்கப்போவது இளைஞர் இயக்கத்துப் பையன்கள். அம்மாமார் எல்லாரும் பெஞ்சில் உட்காருங்கள். டம்ளர் கழுவுவதும் அந்தப் பையன்கள் பொறுப்புத்தான், பேசி வைத்துவிட்டேன்.