மணமும் மனச்சான்றும்

திருமணத்தின் பொருட்டு மணமக்களில் ஒருவர் தம் சமயத்தைக் கைவிட்டு மற்றவரின் சமயத்தைத் தழுவ வேண்டும் என்று கேட்பது அறத்திற்கு உகந்ததா என்னும் வினா, மதம் கடந்த காதல் நுழையும் எந்தக் குடும்பத்திலும் எழக்கூடியது. எம்மதமும் சம்மதம் என்று மேடையில் பேசுவோரும் தம் வீட்டுத் திருமணம் என வரும்போது இக்கோரிக்கையை முன்வைப்பதுண்டு. ஆகவே, அதனைக் குறுகிய மனப்பான்மை என ஒதுக்கிவிடாமல், அதன் பின்னுள்ள நியாயத்தையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

சமயம் என்பது கோட்பாடுகளின் தொகுப்பு மட்டுமன்று. குலதெய்வ வழிபாடு, நோன்பு, ஞாயிறு ஆராதனை, பிள்ளைக்குப் பெயரிடுதல், இறந்தோர்க்குச் செய்யும் கடன் என வீட்டின் அன்றாடத்தோடு பின்னிக் கிடப்பது. இவற்றில் இருவரும் ஒன்றுபட வேண்டும் எனப் பெற்றோர் விரும்புவதில் பிழையில்லை. சட்டமும் இவ்விருப்பத்திற்குத் துணைநிற்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருத்தல் வேண்டும். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய தமிழ்நாட்டின் 1967ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்த வரம்பைத் தாண்டவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமோ இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும் என்கிறது.

எனினும், விரும்புவது வேறு, நிபந்தனையாக்குவது வேறு. நம்பிக்கை என்பது உள்ளத்தின் இசைவு. பிறிதொன்றைப் பெறுவதற்கு ஈடாக அதனைக் கொடுக்க இயலாது. உளமார நம்பி மாறுபவருக்கு நிபந்தனை தேவையில்லை. நம்பாமல் மாறுபவரோ புதிய சமயத்தின் முன்னும் வாழ்க்கைத் துணையின் முன்னும் ஒரு பொய்யோடு இல்லறத்தைத் தொடங்குகிறார். முதல் மனைவி இருக்க, மணமுறிவு பெறாமல், மறுமணத்திற்காக இஸ்லாத்திற்கு மாறிய இந்து ஆண்களின் இரண்டாம் திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது, சமயம் கருவியாக்கப்படும்போது பிறர்க்கு நேரும் கேட்டைக் காட்டுகிறது. மேலும், மாற வேண்டியவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறார். அரசிதழில் புதுப்பெயரை வெளியிட்டுக்கொள்ளும் அவர், தந்தை மறைந்த நாளில் பிறந்த வீட்டுச் சடங்கில் தமக்கு இடமுண்டா என்று தயங்கி நிற்கும் நிலையும் வருகிறது.

இந்நிலைக்கு அரசும் பொறுப்பேற்க வேண்டும். சமயம் சாராத மணத்திற்கு வழிசெய்த 1872ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், அவ்வாறு மணப்போர் தாம் இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் முதலிய எச்சமயத்தையும் பின்பற்றவில்லை என உறுதிகூற வேண்டும் என்றது. அந்தக் கட்டாயத்தை நீக்கிய 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், அவரவர் சமயத்தில் இருந்தபடியே மணக்கும் உரிமையை எல்லார்க்கும் வழங்கியது. ஆயினும் அதன்படி மணக்க விரும்புவோரின் அறிவிப்பு, ஆட்சேபங்களுக்காக 30 நாள் திருமண அலுவலரின் அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி ஒட்டப்படுகிறது. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சுவோர்க்கு அந்த ஒரு மாதமே இடராகிறது. அத்தகையோர்க்கு மதம் மாறி உடனே மணப்பது எளிய வழியாகத் தோன்றுகிறது. உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டமோ மதமாற்றத்திற்கும் 60 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. மாறாமல் மணக்கும் வழியைக் கடினமாக்கிவிட்டு, மாறி மணப்பவரை ஐயத்தோடு நோக்குவது முறையாகாது.

பிள்ளைகளின் சமயம் பற்றிய வினா இதனினும் கடினமானது. கலப்பு மணத்தில் பிறக்கும் பிள்ளைகள் அனைவரையும் கத்தோலிக்கராகவே வளர்ப்பதாக முன்பு இரு தரப்பிலும் உறுதி கேட்ட கத்தோலிக்கத் திருச்சபை, 1970 முதல் கத்தோலிக்கத் தரப்பிடம் மட்டும் இயன்றதைச் செய்வதாக வாக்குப் பெற்று, மற்றவருக்கு அதனைத் தெரிவித்தால் போதும் என நெகிழ்ந்தது. தன் கோட்பாட்டை விடாமலே பிறர் மனச்சான்றுக்கு ஒரு சமயம் இடமளிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

ஆகவே, வழிபாடு, பிள்ளை வளர்ப்பு, இறுதிக் கடன் ஆகியவற்றை மணத்திற்கு முன்பே இருவரும் ஒளிவுமறைவின்றிப் பேசித் தீர்ப்பது கடமை. மதமாற்றத்தை மணத்தின் விலையாகக் கேட்பது அறமாகாது. இதற்கு எளிய உரைகல் ஒன்று உண்டு: நிபந்தனை விதிப்பவர் அதே நிபந்தனை தம்மீது விதிக்கப்பட்டால் ஏற்பாரா என்பதே அது. ஏற்கமாட்டார் எனில், அவர் கேட்பது சமய ஒற்றுமையை அன்று, மற்றவரின் பணிவை.