பேச்சுக்குக் கூலி வாங்கலாம், நம்பிக்கையை விற்கலாமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும் அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம்முடன் ஒரே மதரஸாவில் ஓதி ஸனது பெற்ற ஆலிம் ஒருவர் அண்மையில் நம்மைத் தேடி வந்தார். சிற்றூர்ப் பள்ளிவாசலில் இமாமத் செய்கிறார். மாலையில் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறார். இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் மார்க்க விளக்கம் பேசி, கைப்பேசியில் பதிவு செய்து, பாட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடராக வெளியிடுகிறார். சமையலறையில் நிற்கும் பெண்களும், கடை அடைத்து வீடு திரும்பும் வியாபாரிகளும், வளைகுடாவில் அறையில் தனித்திருக்கும் பிள்ளைகளும் அதைக் கேட்கிறார்கள்.

"கேட்போர் பெருகிவிட்டார்கள். ஒரு நிறுவனத்தார் தங்கள் முதலீட்டுத் திட்டத்தைப் பற்றி இரண்டு நிமிடம் என் குரலில் சொல்லச் சொல்கிறார்கள். தருவதாகச் சொல்லும் தொகை என் மூன்று மாதச் சம்பளம். மூத்த பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். இது கூடுமா, கூடாதா?" என்று கேட்டார்.

கேட்டவரின் முகத்தைப் பார்த்தபின், "கூடாது" என்று ஒரு சொல்லில் முடித்துவிட நமக்கு மனம் வரவில்லை. "கூடும்" என்று சொல்லவும் நா எழவில்லை.

கூலி வாங்கலாமா?

யாஸீன் ஓதாத முஸ்லிம் வீடு உண்டா? அந்த ஸூராவின் 21-ஆம் வசனத்தில், நகரின் கோடியிலிருந்து ஓடிவந்த நல்லடியார், தம்மிடம் கூலி கேட்காத இத்தூதர்களைப் பின்பற்றுங்கள் என்று தம் மக்களிடம் மன்றாடுகிறார். ஸூரத்துஷ் ஷுஅராவில் நூஹ், ஹூத், ஸாலிஹ், லூத், ஷுஐப் (அலை) ஆகிய ஐந்து நபிமார்களும், தங்கள் கூலி அகிலத்தாரின் இரட்சகனிடமே இருக்கிறது என்று ஒரே கருத்தை மாறி மாறிக் கூறுகிறார்கள். திண்ணைத் தோழர்கள் சிலருக்கு எழுத்தும் குர்ஆனும் கற்பித்த உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களுக்கு அவர்களில் ஒருவர் வில் ஒன்றை அன்பளித்தபோது, அதை ஏற்பது குறித்து நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்ததாக அபூதாவூதில் வருகிறது.

மறுபுறம் என்ன? பயணம் சென்ற நபித்தோழர்கள், விஷக்கடிபட்ட ஒரு கூட்டத்தின் தலைவருக்கு ஃபாத்திஹா ஓதிப் பார்த்து, அதற்கு ஈடாக ஆடுகளைப் பெற்றார்கள். நாயகத்திடம் கேட்கும்வரை அவற்றைத் தொடக்கூடாது என்று தயங்கினார்கள். நபி (ஸல்) அவர்களோ அதை ஆகுமாக்கியதுடன், தமக்கும் ஒரு பங்கு வைக்கும்படி கூறினார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்சம்பவம் புகாரியில் உள்ளது.

கலீஃபாவான பின்னரும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்கள் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள். சமுதாயப் பணிக்காகத் தொழிலை விடுபவரின் குடும்பம் பசித்திருக்கலாகாது என்று கருதியே பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்குப் படி நிர்ணயிக்கப்பட்டது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் குர்ஆன் கற்பிப்பதற்குக் கூலி பெறுவது ஆகும். ஹனஃபீ மத்ஹபின் முன்னோர்கள் வணக்கச் செயல்களுக்குக் கூலி கூடாதென்றனர். ஆனால் பைத்துல்மாலின் ஆதரவு நின்றுபோய், கற்பிப்போர் இன்றிக் கல்வியே அழிந்துவிடுமோ என்ற நிலை வந்தபோது, அம்மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் அதை அனுமதித்தார்கள். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீகளுமாகப் பெரும்பாலும் வாழும் தமிழ் முஸ்லிம்கள், இவ்விஷயத்தில் இன்று ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கிறோம்.

ஆகவே தேடிப் படித்து, பேசிப் பதிவு செய்யும் உழைப்புக்கு ஆலிம் ஒருவர் ஈடு பெறுவதைக் குறைகூற இடமில்லை. பிரச்சினை அதுவன்று.

எதை விற்கிறோம்?

அந்த நிறுவனம் எதற்காகப் பணம் தருகிறது? நம் நண்பரின் ஃபிக்ஹு அறிவுக்காக அன்று. "ஹஜ்ரத் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று எங்கோ ஒரு வீட்டில் ஒரு விதவைத் தாய் எண்ணுகிறாரே, அந்த எண்ணத்துக்காகத்தான் தருகிறது. அந்த எண்ணம் நம் நண்பர் சம்பாதித்த சொத்தா? அவர் ஓதிய கிதாபுகளுக்கும் அவர் நிற்கும் மிஹ்ராபுக்கும் மக்கள் வைத்திருக்கும் கண்ணியம் அது. அவர் கையில் அது ஓர் அமானத். அமானத்தை விற்க எவருக்கும் உரிமை இல்லை.

2019-இல் பெங்களூரில், வட்டியில்லா ஹலால் முதலீடு என்று சொல்லி நடத்தப்பட்ட ஒரு நிறுவனம் கவிழ்ந்து, பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்ததை நாம் மறந்துவிடவில்லை. மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமும், ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணமும் போயின. ஹலால் என்ற ஒரு சொல்லை நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

வழிகளும் வரம்புகளும்

பாட்காஸ்டில் வருவாய் வரும் வழிகள் சிலவே. ஒன்று, கேட்போர் விரும்பித் தரும் நன்கொடையும் மாதச் சந்தாவும். இதுவே எல்லாவற்றிலும் தூய்மையானது என்பது நம் கருத்து. ஆனால் தொழுகை, தூய்மை போன்ற பர்ளான அறிவைப் பணம் கட்டியவருக்கு மட்டும் என்று பூட்டி வைக்கலாகாது. ஸகாத்துக்குரிய எட்டுப் பிரிவினரைத் திருமறை 9:60-இல் அல்லாஹ்வே வகுத்துவிட்டான். ஒலிப்பதிவுக் கருவி வாங்க அதைக் கேட்க வேண்டாம்.

இரண்டு, தம் சொந்த நூலையோ அத்தரையோ விற்பது, பாடம் நடத்திக் கட்டணம் பெறுவது. இது வியாபாரம், வியாபாரத்தின் ஒழுக்கம் இதற்குப் போதும்.

மூன்று, பேசுபவரே தம் வாயால் சொல்லும் விளம்பரம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்ததை முஸ்லிமில் காண்கிறோம். பணம் வாங்கிக்கொண்டு, வாங்காததுபோலப் பாராட்டுவது ஈரத்தை உள்ளே மறைப்பதன்றி வேறென்ன? இந்திய விளம்பரத் தர மன்றமும் 2021-இல் வகுத்த நெறிமுறையில், பணம் பெற்ற பரிந்துரையை விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. பொருள் ஹலாலாக இருக்க வேண்டும். பேசுபவர் அதைத் தாமே அறிந்திருக்க வேண்டும். விளம்பரம் என்று சொல்லிவிட வேண்டும். இம்மூன்றும் இருந்தால் தேன் விற்பவருக்காகவும் துணி விற்பவருக்காகவும் பேசுவதில் தவறில்லை. பிறர் பணத்தை வாங்கிப் பெருக்கித் தருவதாகச் சொல்லும் திட்டங்களை மட்டும் ஆலிம்கள் தொடாதிருப்பதே பேணுதல். அதன் கணக்கேடு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நான்கு, இயந்திரமே செருகும் விளம்பரம். சென்னையில் கேட்பவருக்கு ஒன்றும் கொழும்பில் கேட்பவருக்கு வேறொன்றும் ஒலிக்கும். பேசியவருக்கே அது தெரியாது. வட்டியின் தீமையைப் பற்றிய பயானுக்கு நடுவே கடன் செயலி ஒன்று அழைப்பு விடுத்தால் அது எவ்வளவு பெரிய அவலம்! பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் மத்திய அரசு 2025-இல்தான் சட்டம் இயற்றித் தடுத்தது. நம் மார்க்கம் சூதை என்றோ தடுத்துவிட்டது. இன்னின்ன வகை வேண்டாம் என்று விலக்கும் வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன. விலக்க முடிந்தால் விலக்குக. முடியாவிட்டால் அவ்வருவாயையே விட்டுவிடுக.

விளம்பரத்துக்கு ஆயிரம் பேர் கேட்டால் இவ்வளவு என்று விலை பேசுகிறார்கள். ஆகவே காசு கொடுத்துப் போலி எண்ணிக்கையைக் கூட்டுவோரும் உண்டு. வாங்கும் எண்ணமின்றி ஏலத்தில் விலையை ஏற்றிவிடும் நஜஷை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இது அதன் தம்பி.

நம் பங்கு என்ன?

இவற்றை நண்பரிடம் சொன்னோம். நெடுநேரம் மௌனமாக இருந்தவர், "சரி, கட்டணத்துக்கு வேறு வழி பார்க்கிறேன்" என்று எழுந்தார். அந்த மௌனம் நம்மை இன்றும் உறுத்துகிறது.

ஓர் ஆலிமின் மூன்று மாதச் சம்பளத்தை இரண்டு நிமிடத்துக்கு விலையாக ஒருவர் நீட்ட முடிகிறது என்றால், அச்சம்பளத்தை நிர்ணயித்தவர்கள் யார்? பள்ளிவாசலுக்குப் பளிங்குக் கல் பதிக்க வாரி வழங்கும் நாம், உள்ளே நின்று தொழவைப்பவரின் அடுப்பு எரிகிறதா என்று கேட்டதுண்டா? இலவசமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். நாம் கொடுக்க மறந்த இடத்தில்தான் விளம்பரக்காரர் வந்து அமர்கிறார். ஆலிம்கள் அமானத்தைக் காக்க வேண்டும். அவர்களைக் காக்க வேண்டியது ஜமாஅத். ஒன்றில்லாமல் மற்றொன்று நிலைக்காது.

நம் நாவுகளை உண்மையின் மீதும், நம் உணவை ஹலாலின் மீதும், நம் கைகளைக் கொடையின் மீதும் வல்ல அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.