வாய்மூடிய துரோணர்கள்

நாம் வாழும் கூரத்திலே, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் பரமேசுவரவர்மன் வழங்கிய செப்பேடு கிடைத்தது. மண்டபத்திலே பாரதம் படிக்க வழிசெய்த செப்பேடு அது. அப்பாரதக் கதையிலே ஒரு காட்சி: அவை நடுவே ஒரு பெண் இழிவு செய்யப்படுகிறாள், ஆசிரியர் துரோணர் வாய்மூடி அமர்ந்திருக்கிறார். கதைதான்! ஆனால் அந்த ஆசிரியர் கதையோடு ஒழிந்தாரா?

2023 ஆகஸ்டு. நெல்லை மாவட்டம் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற ஆதிதிராவிட மாணவன் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பிடிபட்டோர் உடன் பயின்றோர்! சாதித் தொல்லை தாளாமல் பள்ளிக்கு வராதிருந்தவன், காரணம் கேட்டபோது வாய் திறந்தான். திறந்த வாய்க்கு அரிவாள் பரிசு!

அரசு, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்களை ஒரு நபர் குழுவாக அமர்த்தி ஆராயச் செய்தது. 2024 சூனிலே அறிக்கை வந்தது. சாதி காட்டும் கைக்கயிறு கூடாது. பள்ளிப் பெயர்களிலே சாதி கூடாது. மாணவரிடையே சாதி வேற்றுமையை ஒழிக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்றது.

"பிள்ளைகள் சண்டைக்குச் சட்டமா?" என்பார் உளர். சண்டை இருவர் செய்வது. ஒருவன் அடிக்க ஒருவன் அஞ்சிக் கிடப்பது சண்டையா? 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பின்னரே, 1997இல் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. பிணம் விழுந்த பின்தான் சட்டம் எழ வேண்டுமா?

சட்டம் வேண்டும், ஐயமில்லை. ஆயினும் சட்டம் வகுப்பறைக்குள் வருமுன், அங்கே நிற்பவர் நாம். கடைசி இருக்கையிலே ஒருவன் நாள்தோறும் தனித்து அமர்வதை நாமும் கண்டோம். பாடம் முடிக்கும் அவசரத்திலே கடந்தோம். அடித்தோமில்லை, ஏசினோமில்லை, எனவே குற்றமற்றோர் என்று நெஞ்சுக்குச் சொன்னோம். நெஞ்சு ஏற்கவில்லை. காக்கும் கடமை ஏற்றவன் காணாததுபோல் இருப்பது, அடிப்பவனுக்குத் தரும் அனுமதியன்றோ?

"அவன் ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்பது எளிது. சொன்னவனுக்கு நாம் என்ன அரணாக நின்றோம்? அதுவே கேள்வி.

காஞ்சித் தறியிலே பல நிற இழைகள் கூடிப் பட்டாகின்றன. மணிக்கட்டிலே அதே நிறங்கள் பகையாகின்றன. கயிற்றை அறுக்கச் சட்டம் வரட்டும். நம் மௌனத்தை நாமே அறுப்போம், நாளைய முதல் மணியிலேயே!