பொறுமையும் மறைத்தலும்

நோயைப் பொறுத்துக்கொள்வது உயர்ந்த குணம் என்று பெரியோர்கள் அருளிச்செய்யக் கேட்டிருக்கிறோம். நோயின் நடுவே புதிதாகத் தோன்றும் ஒரு விகாரத்தை எவரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவதும் அந்தப் பொறுமையில் அடங்குமா? இந்த ஸந்தேஹம் அடியேனுக்கு க்ரந்தங்களைப் புரட்டி வந்ததன்று. வயிற்றைக் கிழித்து வந்தது.

2019-ஆம் ஆண்டு மாசி மாதம் சிறுகுடலில் அடைப்பு உண்டாகி, ஒரு சாண் அளவு குடலை நீக்கி மீதியை இணைத்துத் தைத்தார்கள். வயிற்றைத் திறந்தால் குடல் சில நாள் உறங்கிவிடுமாம். மூன்று நாள் மூக்கில் குழாய்; வாயில் ஒரு சொட்டுத் தீர்த்தமும் கிடையாது. வாயு பிரிந்ததா என்று வைத்தியர் காலையும் மாலையும் கேட்பார். ஆம் என்று நாலாம் நாள் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததே, ஸ்வாமி ப்ரஸாதம் பெற்றவர் முகத்தில்கூட அடியேன் அவ்வளவு ஸந்தோஷத்தைக் கண்டதில்லை.

எட்டாம் நாள் இல்லம் திரும்பினேன். பங்குனி ப்ரஹ்மோத்ஸவத்துக்கு ஒரு மாதமே இருந்தது. மறுநாள் காலை, கட்டுத் துணியில் இளஞ்சிவப்பாக நீர் கசிந்திருந்தது. வலியில்லை, ஜ்வரமில்லை. சொன்னால் மறுபடியும் ஆஸ்பத்திரி. உத்ஸவத்துக்கு வேறொருவர் கங்கணம் கட்டிக்கொள்வார். பழைய வேஷ்டியைக் கிழித்து நாலாக மடித்து உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டேன். க்ருஹிணி கேட்டபோது வியர்வை என்றேன். இதற்குப் பொறுமை என்று மனத்துக்குள் பெயரும் இட்டேன்.

அடுத்த நாள் இரவு இருமினபோது உள்ளே ஏதோ அறுந்தது போலிருந்தது. தையல் விட்டு, குடல் வெளியே தெரிந்தது. ஈரத் துணியால் மூடி எடுத்துச் சென்று, இரண்டாம் முறையும் சஸ்த்ர சிகித்ஸை செய்தார்கள். வைத்தியர் கோபிக்கவில்லை. ரணத்தின் உள்ளடுக்கு பிரியத் தொடங்குவதைப் பல ஸமயம் அந்த நீர்தான் முதலில் அறிவிக்கும் என்றும், அன்றே காட்டியிருந்தால் இந்த நள்ளிரவு ஆபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றும் மட்டும் சொன்னார்.

படுத்திருந்தபோது பாடசாலை நாளில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. சரக ஸம்ஹிதையின் ஸூத்ர ஸ்தானத்தில் ஒன்பதாம் அத்யாயம், நோயாளிக்கு வேண்டிய குணங்கள் நான்கு என்கிறது: நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நோயை உள்ளபடி தெரிவித்தல். இந்த நான்காவதைப் படிக்கும்போது, இதுவும் ஒரு குணமா என்று சிரித்தவன் அடியேன். வலியைத் தாங்குவது நோயாளியின் ஸாமர்த்தியம். அறிகுறியோ வைத்தியருக்கு உரியது, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள நோயாளிக்கு அதிகாரமில்லை.

சரணாகதி செய்தவன் மருந்தைத் தேடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேறு உபாயங்களை விடச் சொன்னது மோக்ஷ விஷயத்தில். புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் பற்றியன்று. அடியேனை உறுத்தியது வேறு. ரத்தமோ சீழோ கசியும் உடம்போடு திருமேனியைத் தீண்டலாகாது என்பது எங்கள் ஸம்ப்ரதாயம். அந்த நீரை மறைத்துத் திருமஞ்சனக் குடத்தைத் தூக்கியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் உடல் கூசுகிறது. கைங்கர்ய ருசி என்று எண்ணியது, "நான் இல்லாமல் உத்ஸவமா" என்ற அஹங்காரம்தானோ? உடன் சென்று பணிவிடை செய்தவர் இளைய பெருமாள். பரதாழ்வானுக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. திருவடிநிலைகளைப் பெற்றுக்கொண்டு பதினான்கு ஆண்டு நந்திக்ராமத்தில் இருந்தார். விலகி இருக்கச் சொன்னால் விலகி இருப்பதையும் கைங்கர்யம் என்றே நம் பெரியோர்கள் கொண்டார்கள். இதை எத்தனையோ பேருக்கு உபந்யாஸத்தில் எடுத்துச் சொன்னவன்தான் அடியேன்.

மூன்று மாதம் கனம் தூக்கலாகாது என்று உத்தரவாயிற்று. தோலை இம்முறை தைக்காமல் விட்டு, அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரட்டும் என்று தினமும் கட்டு மாற்றினார்கள். கருட ஸேவையன்று திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கங்கணம் கட்டிய இளைஞன் பெருமாளுக்குப் பின்னால் வந்தான். திண்ணையைப் பார்த்துக் கைகூப்பினான். வீதி திரும்பி மேளச் சத்தம் அடங்கின பிறகு இடுப்பில் ஏதோ ஈரம் தெரிந்தது. உள்ளே திரும்பி, "கொஞ்சம் வந்து பாரேன்" என்று க்ருஹிணியைக் கூப்பிட்டேன்.