ரோஸ் சீட்டு

2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தல். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வரிசையில் எனக்கு முன்னால் அத்தை. ஒன்றியத்துக்குப் பச்சைச் சீட்டு, மாவட்டத்துக்கு மஞ்சள் சீட்டு, இரண்டையும் வாங்கிக்கொண்டவள் நகரவில்லை.

"ரோஸ் சீட்டக் காணோமேய்யா?"

"அதுக்குப் போட்டியில்லம்மா, போங்க."

ரோஸ் என்றால் ஊராட்சித் தலைவர். அந்தப் பதவி மந்தையில் ஏலம் போயிருந்தது. பணம் கும்பாபிஷேகத்துக்கு. கேட்டு எடுத்தவர் மட்டும் மனுப் போட்டார். வார்டுகளையும் பேசி முடித்துவிட்டார்கள். காகிதத்தில் எல்லாம் சுத்தம்: போட்டியின்றித் தேர்வு. மந்தைக்கு எதிர்வீட்டுக்காரி அத்தை. சேதி தெரிந்தவள் எதற்காகக் கேட்டாள்?

ஐந்தாம் வகுப்பில் குடவோலைப் பாடம் நடத்த வாத்தியார் ஒரு மண்பானை கொண்டுவந்தார். பெயர் எழுதிப் போட்டு, ஒன்றாம் வகுப்புப் பொடியனை விட்டு எடுக்கச் சொன்னார். பின்பெஞ்சுப் பிள்ளைகள் பெயரை எழுதவே இல்லை. உத்திரமேரூரிலும் ஏறக்குறைய அப்படித்தான். பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கேட்பது கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35க்கு மேல் 70க்குள் வயது. ஆனால் கணக்குக் காட்டாதவரை அவருடைய உறவுக்காரர்களோடு சேர்த்தே தள்ளிவைத்தார்கள். அது எனக்குப் பிடிக்கும். பானையை ஏலம் கேட்கவும் முடியாது.

'ஊரே ஒத்துக்கிட்டது' என்று யாராவது சொன்னால் எனக்குப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நினைவுக்கு வரும். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை அங்கே முறையான தலைவரே இல்லை. ஜெயித்தவர்கூட உடனே ராஜினாமா செய்வார். அதற்குப் பெயரும் ஊர்க் கட்டுப்பாடுதான். ஓட்டுக்காசைப் பற்றி மேடைபோட்டுப் பேசுகிற நாம் இந்த ஒற்றுமையைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

அத்தையிடம் அப்புறம் கேட்டுப் பார்த்தேன். "நாலு சீட்டு குடுக்கணும்ல?" என்றாள், ரேஷனில் சீனி குறைந்த மாதிரி. அவ்வளவுதானா, இல்லை அதிகாரி காதில் விழட்டும் என்றே கேட்டாளா?

மந்தைக்காரர்கள் சொல்கிற நியாயம் லேசானதில்லை. "வீட்டுக்கு வீடு காசு குடுத்து அடிச்சுக்கிறதுக்கு, மொத்தமாக் கோயிலுக்குக் குடுத்தா என்னப்பா?" என்கிறார்கள். இரண்டும் விலைதான். ஆனால் வீட்டுக்கு வந்த காசை வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குள் போய் வேறு ஆளுக்குக் குத்தலாம், ஒருவருக்கும் தெரியாது. மந்தையில் அந்த மறைப்பு கிடையாது. என்னிடம் உள்ள பதில் இது ஒன்றுதான். அப்படி மாற்றிக் குத்துகிறவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால் என்னிடம் கணக்கில்லை.