கொடுத்ததோடு அறம் முடிந்துவிடுமா?

ஒருவருக்கு ஒரு பொருளைக் கொடுத்த கணத்திலேயே ஈகை நிறைவு பெற்றுவிடுகின்றதா? அன்றி, அப்பொருள் அவருடைய துன்பத்தைத் தீர்த்தது என்று அறிந்த பின்னரே நிறைவு பெறுகின்றதா? பழமையான இவ்வினாவைக் கோடையில் காயும் ஏழையின் கூரையை முன்வைத்துச் சிந்திப்போம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாட்கள் உண்டு. குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு முதலிய தறி ஊர்களில் தகரமும் சிமெண்டு அட்டையும் வேய்ந்த வீடுகள் பல. பகலில் அக்கூரை தன் சூட்டையெல்லாம் கீழே இறக்கும். காங்கிரீட் தளமோ பகலில் பருகிய வெப்பத்தை இரவில் வெளியிடும். மின்விசிறி வெப்பக் காற்றையே சுழற்றும், மின்கட்டணம் ஏறும், உறக்கம் மட்டும் வாராது.

அரசு உதவாமல் இல்லை. 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றது. 2023இல் விசைத்தறியாளர்க்கான இலவச மின்சாரம் 1000 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. இவை செலவைக் குறைக்கும்; கூரையின் சூட்டைக் குறைக்கமாட்டா. கூரைக்கு வெண்மை பூசினாலோ வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். அகமதாபாத் நகரம் 2017 முதல் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசி வந்துள்ளது. தெலங்கானா 2023இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. இறந்தபின் தரும் இலட்சங்கள் தேவையே. இறவாமல் காக்கும் சில வாளிச் சுண்ணாம்பு அதற்கும் முந்திய கடமையன்றோ?

ஆயினும் பணம் ஒதுக்கினால் மட்டும் போதுமா? இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறு. அங்கே ஏழைகள் குளிரில் வீட்டைச் சூடாக்க வழியின்றி வாடுகின்றனர். சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு அமைத்துத் தர 2020 செப்டம்பரில் 150 கோடி பவுன் மதிப்பில் ஒரு திட்டம் தொடங்கியது. இலக்கு 6 இலட்சம் வீடுகள். அவசரமாக வகுக்கப்பட்ட அத்திட்டம் 2021 மார்ச்சில் மூடப்பட்டது. பயனடைந்தவை ஏறத்தாழ 47,500 வீடுகளே. வேறு இரு திட்டங்களை ஆராய்ந்த தணிக்கை அலுவலகம் 2025இல் கூறியது இன்னும் வருந்தத்தக்கது: வெளிச்சுவரில் காப்பு பொருத்தப்பட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் பெருங்குறைகள் இருந்தன. அவற்றைச் சீர்செய்யாவிடில் சுவரில் ஈரமும் பூஞ்சையும் படியும்.

"கொடுத்தவர் நல்லெண்ணத்துடன்தானே கொடுத்தார்?" எனலாம். தத்துவார்த்த சூத்திரம், கவனமின்மையால் உயிருக்கு விளைக்கும் ஊறினையே இம்சை என வரையறுக்கின்றது. எனவே, நல்லெண்ணம் கவனக்குறைவுக்குத் திரையாகாது. கொடுத்ததைப் பற்றி விசாரிப்பது பெருமை தேடுவதாகாதோ என்று சிலர் தயங்குவர். நன்றியைக் கேட்டுச் செல்வதுதான் பெருமை; குறையைக் கேட்டுச் செல்வது பொறுப்பு.

ஆகவே, இத்தகைய உதவியில் ஈடுபட விழையும் குடும்பங்கள் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும். பூசுவதற்கு முன் ஒழுகலை அடைக்க வேண்டும். சிமெண்டு அட்டை ஏறுபவரின் பாரம் தாங்காது உடையக்கூடும்; ஆதலால் அதன்மேல் நேராகக் கால் வைத்து ஏற எவரையும் அனுப்பலாகாது. பழைய அட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அவற்றை உலர்நிலையில் சுரண்டினால் எழும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஒருவருக்கு நிழல் தரப்போய் மற்றொருவரின் உயிருக்கு ஊறு செய்யலாமா? வாடகை வீடாயின், கூரை குளிர்ந்ததைக் காட்டி வாடகையை உயர்த்துவதில்லை என்ற உறுதியை உரிமையாளரிடம் முன்பே பெறவேண்டும். இல்லையேல் நம் ஈகை ஏழையின் வீட்டில் பூசப்பட்டு, செல்வரின் பெட்டியில் சேரும்.

வெண்மையும் நிலையானதன்று; புழுதி படியப் படிய மங்கும். அடுத்த சித்திரையில் அதே வாயிலுக்குச் சென்று, "இரவில் உறங்க முடிகின்றதா?" என்று கேட்க ஒருவர் வேண்டும். "முடிகின்றது" என்ற விடை வரும் நாளில்தான் முன்னாண்டு நாம் தொடங்கிய அறம் நிறைவு பெறுகின்றது.